எழுதாமல் விட்ட இரண்டு

எங்கள் ஊர் வாசிகசாலை விறாந்தையில் 2024 செப்டெம்பர் முழுக்க, ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி, ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பேப்பர் பார்க்க வருகிறவர்களும் அதையே கேட்டார்கள். பின்னேரம் கரம் அடிக்க வரும் பெடியளும் அதையே கேட்டார்கள்.

"ரணிலை ஆர் விழுத்துவான்? சஜித்தோ, அநுரவோ?"

தனக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் தபாற்கந்தோர் அண்ணைதான். கலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாவட்டம் இவருக்கு, இந்த மாவட்டம் அவருக்கு, மலையகம் பாதிப் பாதி. யாழ்ப்பாணத்துக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி.

"ரீச்சர், நீங்கள் கணக்குப் படிப்பிச்சனீங்கள் எல்லே. தராசு எந்தப் பக்கம் சாயும் எண்டு சொல்லுங்கோ. தோக்கிறவனுக்குப் போட்டு என்ன பிரயோசனம்?"

முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். அந்த வருடங்களில் வந்த தேர்தல்களில் பெரும்பாலானவற்றில் வாக்களிப்பு நிலையக் கடமையும் செய்திருக்கிறேன். பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து, சின்னி விரலில் மை பூசி, சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற வேலை. அண்ணையின் கேள்வி எனக்குப் புதிதல்ல. அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தபடி நான் பார்த்த ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் எங்கள் சனம் யார் வேண்டும் என்று யோசித்ததைவிட, யாரைக் கொண்டு யாரை அனுப்பலாம் என்றுதான் அதிகம் யோசித்திருக்கிறது.

2005 நவம்பர் 17 அன்று அந்த யோசனைக்கே இடமிருக்கவில்லை. மகிந்த ராஜபக்ஷவும் ரணில் விக்கிரமசிங்கவும் போட்டியிட்ட தேர்தல் அது. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு ஊரெங்கும் நடைமுறையில் இருந்தது. மீறி வர யாருக்கும் துணிவில்லை. காலை 7 மணிக்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை 4 மணிவரை வாசலைப் பார்த்தபடி இருந்தோம். வந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். நாடு முழுவதற்குமான வித்தியாசம் 180,786 வாக்குகள். மகிந்த ஜனாதிபதியானார். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே நான் எழுதத் தேவையில்லை.

2010 ஜனவரித் தேர்தலின்போது போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் போரை நடத்திய ஜனாதிபதி. மறுபக்கம் அந்தப் போரில் படைகளை வழிநடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. இந்த இருவரில் ஒருவரைத் தமிழ்ச் சனம் தெரிவுசெய்ய வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னது. அன்றைக்கு வெளிறிய நீலச் சேலையில் ஒரு தாய் என் மேசைக்கு வந்தார். அடையாள அட்டையை நீட்டினார். விரலில் மை பூசும்போது அவருடைய கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

"பிள்ளை, ரெண்டு பேரும் ஒண்டுதானே. ஆருக்குப் போட்டா என்ர பெடியனைக் காட்டுவினம்?"

கடமையில் இருப்பவள் பதில் சொல்லக் கூடாது. "அம்மா, அது உங்கட விருப்பம்" என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசை நின்றது; ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்து சீட்டைப் பெட்டியில் போட்டபோது அதை எட்டாக மடித்திருந்தார்.

அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நான்கில் ஒரு பங்கினர்தான் வாக்களித்தார்கள். அளித்தவர்களில் ஏறத்தாழ 64 வீதம் பொன்சேகாவுக்கு. நாடளவில் மகிந்த 57.88 வீதம் பெற்று வென்றார். இரண்டு வாரத்துக்குள் பொன்சேகாவைக் கைது செய்தார்கள். அதே வருடம் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் வந்தது. இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது என்ற தடை நீங்கியது. மகிந்த விரும்பும் வரை மகிந்ததான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அதனால்தான் 2014 நவம்பரில் நடந்ததை இன்றைக்கும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதவியில் இருக்கும் ஒருவரை எந்த எதிராளி விழுத்துவார் என்ற கணக்கை இந்த நாட்டில் அதுவரை அவ்வளவு கூர்மையாக யாரும் போட்டதில்லை. ரணில் 1999இலும் 2005இலும் நின்று தோற்றவர். 2010இல் பொன்சேகாவுக்கு வழிவிட்டவர். மாதுளுவாவே சோபித தேரர், சந்திரிகா குமாரதுங்க, கரு ஜயசூரிய என்று பெயர்கள் மாறி மாறி அடிபட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே சோதனைதான்: மகிந்தவுக்குப் போடும் சிங்களக் கிராமத்து விவசாயி இவருக்குப் போடுவாரா? ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்கும், தமிழர், முஸ்லிம்களின் வாக்கும் மகிந்தவுக்கு எதிராகத் திரளும் என்பது தெரிந்த விஷயம். குறைவது மகிந்தவின் வெற்றிலைச் சின்னத்துக்கு விழும் வயல்வெளி வாக்குகளில் ஒரு பிடி.

அந்தப் பிடியை அள்ளக்கூடியவரை மகிந்தவின் அமைச்சரவைக்குள்ளேயே கண்டுபிடித்தார்கள். சுகாதார அமைச்சர், சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர், பொலன்னறுவைக்காரர் மைத்திரிபால சிறிசேன. நவம்பர் 20 அன்று மகிந்த தேர்தலை அறிவித்தார். மறுநாள் மைத்திரி பொது வேட்பாளர். முதல்நாள் இரவு ஜனாதிபதியுடன் இருந்து அப்பம் சாப்பிட்டவர் விடிந்ததும் எதிரணியில் நின்றார் என்ற கதை தெற்கிலும் வடக்கிலும் ஒரே வேகத்தில் பரவியது. சின்னம் அன்னம்.

மைத்திரியைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. போரின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம், புறக்கணிப்போம் என்ற குரல்களும் இருந்தன. அவற்றில் நியாயம் இருந்தது. தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல் என்ற பொருளில் யாழ்ப்பாணத்துக்கு வந்து மகிந்தவே பேசிவிட்டுப் போனார். கூட்டமைப்பு தன் முடிவை டிசம்பர் 30 அன்றுதான் அறிவித்தது. ஆனால் தேர்தல் கடமை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு முன்னரே, நத்தாரை ஒட்டிய நாட்களில், தபால்மூல வாக்களிப்பு. வெளியே அடைமழை. கட்சி சொல்லும்வரை காத்திருக்க எங்களுக்கு நாள் இல்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு நான் நினைத்தது அந்த நீலச் சேலைத் தாயைத்தான். அன்னத்துக்கு நேரே புள்ளடி போட்டேன். மைத்திரியை விரும்பிப் போடவில்லை. அவரால் முடியும் என்று பட்டதால் போட்டேன்.

2015 ஜனவரி 8. வெயில் ஏற முன்னரே வாசலில் வரிசை. ஒன்பது வருடத்துக்கு முன் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அதே மண்டபத்தில் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை. யாழ்ப்பாணத்தில் 66 வீதத்துக்கு மேல் வாக்களிப்பு. மறுநாள் விடியும்போது மகிந்த அலரி மாளிகையை விட்டுப் போய்விட்டார். மைத்திரிக்கு 6,217,162, மகிந்தவுக்கு 5,768,090. வித்தியாசம் 449,072.

பாடசாலை திறந்ததும் அந்தப் பெறுபேறுகளைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்காகக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் மைத்திரியின் முன்னணி 179,120. வன்னியில் 107,040. மட்டக்களப்பில் 167,791. கூட்டினால் 453,951. இந்த மூன்று மாவட்டங்களின் முன்னணி மட்டுமே நாடளாவிய வித்தியாசத்தைத் தாண்டிவிடுகிறது. கணக்குச் சரியாக வந்தபோது வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்ப நாங்களே ரீச்சர் மாத்தினது?" என்று கேட்டது. தனியே நாங்கள் இல்லை. பொலன்னறுவையும் கொழும்பும் கண்டியும் அவருக்குப் போட்டிருக்காவிட்டால் எங்கள் முன்னணி எதற்கும் உதவியிருக்காது. அதையும் சொன்னேன். இருந்தாலும் அன்றைக்கு அந்த வகுப்பில் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க முடியவில்லை.

அந்தச் சந்தோசம் முழுதாக நிலைக்கவில்லை. நல்லது நடந்தது என்பதை மறுக்க மாட்டேன். 19ஆவது திருத்தம் வந்தது, இரண்டு தடவை என்ற வரம்பு திரும்பியது, வலிகாமம் வடக்கில் சில காணிகள் விடுபட்டன, பயமில்லாமல் கூட்டம் கூட முடிந்தது. நிறைவேற்று ஜனாதிபதி முறை மட்டும் ஒழியவில்லை. 2018 ஒக்டோபர் 26 இரவு, நாங்கள் அனுப்பி வைத்த அதே மகிந்தவை மைத்திரி பிரதமராக்கினார். வானொலியில் அதைக் கேட்டபோது நான் அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு நீதிமன்றம் குறுக்கிட்டது, மகிந்த விலகினார், அது வேறு கதை. வெல்லக்கூடியவர் என்பதை மட்டும் பார்த்தோமே, வென்றபின் என்ன செய்வார் என்பதைப் பார்த்தோமா என்ற கேள்வி அன்றிரவு எனக்குள் வந்தது. இன்னும் போகவில்லை.

இனி, அண்ணையின் கலண்டர் தாளுக்கு வருகிறேன்.

2019இல் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 வீதம். நல்ல மனிசன், ஆனால் வெல்ல மாட்டான், அவனுக்குப் போடுவது வாக்கை வீணாக்குவது என்று தெற்கிலும் பேசினார்கள், எங்கள் விறாந்தையிலும் பேசினோம். ஒருவர் வெல்ல மாட்டார் என்பது எங்கிருந்து வருகிறது? மற்றவர்கள் அவருக்குப் போட மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதில் இருந்து வருகிறது. 2022இல் பொருளாதாரம் விழுந்தது, ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார், பாராளுமன்றத்தில் 134 வாக்குப் பெற்று ரணில் ஜனாதிபதியானார். அதே வாக்கெடுப்பில் அநுரவுக்கு 3 வாக்கு. இரண்டு வருடத்தில் அந்த மூன்று வாக்குக்காரரைப் பற்றித்தான் அண்ணை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இன்னொரு தெரிவும் இருந்தது. தமிழ்ப் பொது வேட்பாளராகப் பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். அவர் ஜனாதிபதியாக மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்கள் கோரிக்கையை எண்ணிக்கையில் காட்டுவதற்கான வேட்பாளர் அவர். தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்க முடிவெடுத்தது. அந்தக் கட்சிக்குள்ளேயே பலர் சங்குக்கு நின்றார்கள். வீட்டுக்கு வீடு வாக்குவாதம். சங்குக்குப் போட்டால் ரணில் தப்பிவிடுவார் என்று ஒரு பக்கம், வெல்லுகிறவருக்குப் போட்டுப் போட்டு என்ன கண்டோம் என்று மறுபக்கம்.

நான் அண்ணையிடம் சொன்னேன்: "அண்ணை, ரெண்டையும் செய்யலாம். சீட்டில 1, 2, 3 எண்டு போட இடமிருக்கு."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் இந்த வசதி 1982இல் நடந்த முதல் தேர்தலில் இருந்தே இருக்கிறது. நமக்கு மிகவும் விருப்பமானவருக்கு நேரே 1. அடுத்த விருப்பத்துக்கு 2, அதற்கடுத்து 3. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் யாராவது எடுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. யாரும் எடுக்காவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்குவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மறுபடி பிரித்து, அவற்றில் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அந்த 2 மிஞ்சிய இருவரில் ஒருவருக்கு என்றால் அவருடைய கணக்கில் சேரும். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். பிரான்ஸில் இதற்காக இரண்டு வாரம் கழித்துச் சனத்தை மறுபடி கூப்பிடுகிறார்கள். நாங்கள் அதே சீட்டிலேயே சொல்லிவிடலாம். 2019 வரை எல்லாத் தேர்தலிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டியதால், இந்த இரண்டாம் எண்ணிக்கையை நாடு அதுவரை கண்டிருக்கவில்லை. எங்கள் ஊருக்கு வந்த துண்டுப்பிரசுரம் ஒன்றிலும் 2 என்ற இலக்கம் இருக்கவில்லை. தங்கள் சின்னம், நேரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் 24 பிள்ளைகளை வைத்து ஒரு தேர்தல் நடத்தினேன். மாம்பழம், வாழைப்பழம், பலாப்பழம் என்று மூன்று வேட்பாளர்கள். முதலில் ஒரு புள்ளடி மட்டும். மாம்பழத்துக்கு 13, வாழைப்பழத்துக்கு 9, பலாவுக்கு 2. மாம்பழம் பாதியைத் தாண்டி வென்றது. பிறகு அதே பிள்ளைகளிடம் 1, 2, 3 போடச் சொன்னேன். மாம்பழம் 9, வாழைப்பழம் 8, பலா 7! பலாவை நீக்கி அந்த 7 சீட்டையும் பிரித்தால் ஐந்தில் இரண்டாவது வாழைப்பழம், இரண்டில் மாம்பழம். முடிவில் வாழைப்பழம் 13, மாம்பழம் 11.

"முதல்லயே பலாவுக்குப் போட்டிருக்கலாமே?" என்று ஒரு சிறுமியைக் கேட்டேன்.

"எனக்கு அதுதான் விருப்பம் ரீச்சர். ஆனா வேற ஒருத்தரும் போடமாட்டினம் எண்டு நினைச்சன்."

அப்படி நினைத்தவர்கள் அவளோடு ஐந்து பேர். விறாந்தைச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணை, சிறுமி சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

செப்டெம்பர் 21. கடமை இல்லாமல், சாதாரண வாக்காளராக நான் வரிசையில் நின்ற முதல் ஜனாதிபதித் தேர்தல். சீட்டு இரண்டடிக்கு மேல் நீளம். மேசையில் விரித்தால் அடிப்பக்கம் தொங்கியது. மேலிருந்து கீழே பெயர்களை விரலால் தடவிக்கொண்டு போய், 1, 2, 3 மூன்றையும் எழுதினேன். முதல் இலக்கத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, யார் வெல்லுவார் என்று பார்க்காமல் போட்டேன். இரண்டாவது, என் கணக்கில் ரணிலை விழுத்தக்கூடியவராகத் தெரிந்த சஜித்துக்கு.

என் கணக்குப் பிழைத்தது. ரணிலை முந்தியவர்கள் இருவர். முன்னால் நின்றவர் அநுர. முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 5,634,915 வாக்குகள், 42.31 வீதம். சஜித்துக்கு 4,363,035. பதவியில் இருந்த ரணில் 17.27 வீதத்தோடு மூன்றாம் இடம். யாரும் பாதியைத் தொடவில்லை. 22ஆம் திகதி மத்தியானம் தேர்தல்கள் ஆணைக்குழு இரண்டாம் எண்ணிக்கையை அறிவித்தபோது வாசிகசாலைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

அன்று மாலை வந்த இலக்கங்களை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் இருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. இரண்டும் சேர்த்து 273,131. அதாவது நூறு சீட்டில் எட்டு. மற்ற 92 சீட்டும் கடைசிப் போட்டியில் ஒன்றும் பேசவில்லை. முதல் இருவருக்கும் இடையே இருந்த தூரம் 1,271,880 வாக்குகள். ஊமையாகக் கிடந்த சீட்டுகள் 30 இலட்சத்துக்கும் மேல். அவை யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல நான் சோதிடம் பார்ப்பவள் அல்ல. முடிவை உறுதிப்படுத்தவோ மாற்றவோ போதுமான பலம் அவற்றில் இருந்தது என்பது மட்டும் கணக்கு.

எங்கள் மாவட்டத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. அநுரவுக்கு வெறும் 27,086. வெல்ல மாட்டார் என்று நினைத்தோம். அவர் வென்றபின், இரண்டு மாதத்துக்குள், நவம்பர் 14 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி இதே யாழ்ப்பாணத்தில் 80,830 வாக்குப் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. அப்படிக் கூடிய ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேரில் எத்தனை பேர் செப்டெம்பரிலேயே அவரை விரும்பியும் போடாமல் விட்டார்கள் என்று யோசிக்கும்போது, எனக்கு அந்தப் பலாப்பழச் சிறுமிதான் ஞாபகம் வருகிறாள்.

பெறுபேறு வந்த இரவு எல்லோரும் கலைந்த பிறகும் தபாற்கந்தோர் அண்ணை வாங்கில் இருந்தார். கலண்டர் தாள் கையில் இருந்தது.

"ரீச்சர், நீங்கள் சொன்னதெல்லாம் ஞாபகம் வச்சுக்கொண்டுதான் போனனான். சங்குக்கு ஒண்டு, மற்றதுக்கு ரெண்டு எண்டு. உள்ளுக்கை போய்ப் பேனையை எடுத்த உடன கை தானாப் புள்ளடி போட்டிட்டுது. 1982இல இருந்து போட்ட கை. புள்ளடிக்குப் பக்கத்தில இலக்கம் எழுதினா வாக்குக் கழிஞ்சிடும் எண்டு பயந்து அப்பிடியே மடிச்சுப் போட்டிட்டன்."

அது பிழையில்லை, உங்கள் வாக்கு செல்லும் என்று சொன்னேன். ஒரு புள்ளடி மட்டும் இருந்தாலும் அது முதல் விருப்பாக எண்ணப்படும். அதோடு இலக்கத்தைக் கலக்காமல் விட்டதும் நல்லதுதான். அவருக்கு ஆறுதல் வரவில்லை.

"அடுத்தது எப்ப?"

"2029."

"எனக்கு எண்பத்திரண்டு வரும்." எழும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்த ஞாயிறும் பிள்ளையளுக்கு அந்தப் பழத் தேர்தலை வையுங்கோ. எனக்கும் ஒரு சீட்டுத் தாங்கோ."

கொடுத்தேன். பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாயில் இருந்து, தாளை முழங்காலில் வைத்து, ஒன்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டு எழுதினார்.